டிம்ப்னா வருவதற்காக ஓர் அடுப்பு

மலாக்கி டூஹிக்கு முடிவெடுக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் சொல்கிறேன். கடையில் இரண்டு தொப்பிகளுக்கு நடுவே நின்று யோசித்து யோசித்து, கடைசியில் வெறுந்தலையோடு மழையில் நனைந்து வீடு வந்த மனிதர். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்து விறகு மாதிரி எரிக்கும் கரிமண்ணை ஏற்றிப் போகும் குட்டி ரயிலை ஓட்டித்தான் பிழைத்தார். தண்டவாளம் போகிற பக்கம் போனால் போதும், இடமா வலமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்த வேலை அவருக்கு ஒத்துப்போனது என்று அவர் மனைவி டிம்ப்னா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணப் பேச்சையே அவள்தான் எடுத்தாளாம்.

அந்த டிம்ப்னாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், உருளைக்கிழங்கு தோண்டுகிற பருவத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு கொஞ்சம் சீரானது. ஆனால் இனிமேல் குணமாகாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அப்படின்னா என் கட்டில்லயே கிடக்கிறேன், அனுப்பிடுங்க" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

வீட்டைப் பார்க்க ஒரு நர்ஸ் வந்தாள். படுக்கையறைச் சுவரைத் தடவினாள், கையெல்லாம் ஈரம். சமையலறையில் எரிகிற தீ அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்காது. குளிர்காலத்தில் அங்கே பேசினால் வாயிலிருந்து ஆவி வரும்.

"இவ்வளவு சில்லுனு இருக்கிற வீட்டுக்கு அனுப்ப முடியாது, மலாக்கி" என்றாள் நர்ஸ். "வீடு பூரா ராப்பகலா கதகதன்னு இருக்கணும். அதை மட்டும் செஞ்சிடுங்க, மறுநாளே கூட்டிட்டு வந்திடலாம்."

எண்ணெய் எரித்துச் சூடாக்கலாம் என்றால், எண்ணெய் லாரியைக் கூப்பிடுகிற வசதி அந்த வீட்டுக்கு எப்போதுமே இருந்ததில்லை. மின்சார ஹீட்டர் இரண்டை ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். குழாய் வேலை செய்கிற அல்டன்தான் வழி சொன்னான். கதவு வைத்த இரும்பு அடுப்பு, அதன் முதுகில் தண்ணீர்த் தொட்டி. தீ மூட்டினால் வெந்நீர் குழாய் வழியாக ஓடி, ஒவ்வொரு அறைச் சுவரிலும் மாட்டுகிற ரேடியேட்டர் என்ற இரும்புப் பலகையைச் சூடாக்கும்.

"கொட்டகை நிறைய கரிமண் கிடக்கு. உங்க சொந்த நிலத்துல வெட்டிக் காயவச்சது. 'ம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரே வாரத்துல மாட்டிடறேன்" என்றான்.

மலாக்கி 'ம்' சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டார். கரிமண்ணா, அந்தப் புகையும் தூசியும் இந்த நெஞ்சுக்கு எமன் என்றார் டாக்டர். டொராண்டோவில் இருக்கிற மகள் ஓர்லாவிடம் கேட்டார். போனிலேயே அவள் கத்தியது என் காதுவரை வந்தது.

"அப்பா, அம்மா நெஞ்சை இப்படி ஆக்கினதே அந்தக் கரிமண்தான்! இப்பல்லாம் காத்துலேந்தே சூடு எடுக்கிற மெஷின் வந்திருக்கு. அதை வைங்க."

வைக்கலாம்தான். அதற்கு முதலில் சூடு வெளியே போகாமல் சுவரையெல்லாம் பஞ்சு வைத்துப் போர்த்த வேண்டும். போர்த்துகிற ஆட்கள் ஈஸ்டருக்கு அப்புறம்தான் வருவார்களாம். ஈஸ்டர்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிரு என்று டிம்ப்னாவிடம் யார் போய்ச் சொல்வது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. சொன்ன எல்லோரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஒருநாள் மலாக்கி என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். ஊற்றிக் கொடுத்த தேநீர் ஆடை கட்டிவிட்டது.

"போட்டா, புகை அவளைக் கொல்லும். போடலேன்னா அங்கேயே கிடந்து செத்துப்போவா. எப்படிப் பாத்தாலும் கொல்றது நான்தானே, கன்செப்டா?"

"அவகிட்டயே கேளுங்களேன். சுவாசிக்கப் போறவ அவதானே?"

கேட்டார். ஆஸ்பத்திரியில் நானும் கூடத்தான் இருந்தேன். டிம்ப்னா மூக்கில் குழாயோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் மனுஷா, கல்யாணம் ஆன நாள்லேந்து அந்தப் புகையிலதானே உனக்கு ரொட்டி சுட்டுப் போட்டேன். அப்பல்லாம் வயிறு முட்டத் தின்னியே, டாக்டரைக் கேட்டியா? சாகப்போற நெஞ்சுக்கு என்ன பத்தியம் வேண்டிக்கிடக்கு? அடுப்பை வாங்கு. கறுப்புல வாங்கு. பச்சையில வாங்கினா வாசப்படி மிதிக்க மாட்டேன், ஆமா."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வாள்? அப்படியும் வீட்டுக்கு வந்து யோசித்தார். மீண்டும் டாக்டர், மீண்டும் ஓர்லா. பாதிரியாரைக்கூடக் கேட்டார். அவர் ஜெபம் செய்யச் சொன்னார். அதற்குள் கல்லறைத் திருநாள் போய், உறைபனி விழத் தொடங்கிவிட்டது. ஒரு காலையில் அல்டன் வீட்டு வாசலில் போய் நின்று, "மாட்டிடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியே பார்க்காமல் நடந்து வந்தாராம்.

கறுப்பு அடுப்பு வந்தது. அல்டன் சொன்ன சொல் தவறவில்லை. தீ மூட்டிய அன்று வீடு முழுக்கக் குழாய்கள் கடகடத்தன. பிறகு ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகச் சூடாகின. ஈரச் சுவர் காயத் தொடங்கியது. கட்டில் விரிப்பு, தலையணை எல்லாவற்றையும் மலாக்கி ரேடியேட்டர்மேல் போட்டுச் சூடாக்கினார், மடித்தார், மறுபடி விரித்தார். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் சனிக்கிழமையே அழைத்து வரலாம் என்றாள் நர்ஸ்.

ஆனால் அந்த அடுப்புக்குப் பசி அதிகம். சற்று அசந்தாலும் தீ படுத்துவிடும், தண்ணீர் ஆறிவிடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டு ஓடி வருவார்.

"நான் பாத்துக்கிறேன், நீங்க அவ பக்கத்துல இருங்க" என்றேன்.

"நீயா? நீ மாட்டுக்கு வைக்கோல் போடற மாதிரி அள்ளிக் கொட்டுவ. வெள்ளிக்கிழமை சூடு ஒரு பொட்டுகூடக் குறையக்கூடாது" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் டிம்ப்னா போய்விட்டாள். போன் வந்தபோது மலாக்கி அடுப்பின் முன் மண்டியிட்டுக் கரிமண் வைத்துக்கொண்டிருந்தார். நான்தான் போனை எடுத்தேன். சொன்னதும் கையிலிருந்த கட்டியை உள்ளே வைத்தார், கதவைச் சாத்தினார், எழுந்து நின்றார்.

"முதல்லயே 'ம்' சொல்லியிருக்கணும்" என்றார்.

அது உண்மைதானே.

எங்கள் பக்கத்தில் செத்தவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவர்கள் படுத்த அறையிலேயே கிடத்தி, கூட உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் கொண்டுவருவதாக ஏற்பாடு. சவ அடக்க வேலை பார்க்கும் கோர்மக் அறையைப் பார்க்க முன்னதாக வந்தார். உள்ளே நுழைந்ததும் முகம் மாறிவிட்டது.

"மலாக்கி, இந்தச் சூட்டுல உடம்பை வைக்க முடியாதுய்யா. அறை நல்லா குளிர்ந்து கிடக்கணும். இந்த ரேடியேட்டரை மூடிடுங்க."

இழவுக்கு நாற்காலி கொண்டுவந்திருந்த அல்டன் தரையைப் பார்த்தான்.

"அதுக்கு மூடற திருகே கிடையாது. இந்த மாதிரி அடுப்புக்கு ஒரு ரேடியேட்டர் எப்பவும் திறந்தே கிடக்கணும். இல்லேன்னா, கரண்ட் போய் பம்ப் நின்னா தண்ணி கொதிச்சு வெடிச்சிடும். மாட்டும்போது அதை எந்த அறையில வைக்கட்டும்னு கேட்டேன். யோசிக்காம, 'அவ அறையில'ன்னார்."

கோர்மக் தொண்டையைச் செருமினார்.

"அதனால என்ன, எங்க மண்டபத்திலேயே வச்சுக்கலாம். அங்க குளிர் வசதி இருக்கு. நாளைக்கு நேரா கோயிலுக்குக் கொண்டு போயிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்ல. அவ வீட்டுக்குத்தான் வருவா" என்றார் மலாக்கி.

அடுப்புக் கதவைத் திறந்தார். செக்கச் சிவந்திருந்த கட்டிகளை இரும்பு வாளியில் வாரி, தானே சுமந்து போய் முற்றத்து உறைபனியில் கொட்டினார். யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு வாளிக்கும் புஸ்ஸென்று ஆவி எழுந்தது. கடைசிச் சாம்பல்வரை வழித்துப் போட்டுவிட்டு வந்து, அவள் அறை ஜன்னலை அகலத் திறந்துவைத்தார்.

பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். நாங்கள் ஒவ்வொருவராகக் குளிருக்குக் கோட்டு எடுத்து மாட்டிக்கொண்டோம். கோர்மக் வாசலில் காத்துக்கொண்டிருந்தார். இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் மலாக்கி கையை எடுத்தார்.

"ஆறிடுச்சு. அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.