கொசுவலைக்குள் முட்டைகோஸ்

"ஏனுங்க சார், வலைக்குள்ள புழு நொம்ப சௌக்கியமா இருக்குதுங்க. கோசைத்தான் காணோம்."

மஞ்சக்குட்டை என்ற மலைக்கிராமத்திலிருந்து செல்வி போனில் சொன்னது இது. தோட்டக்கலை அலுவலராக இந்த மலையில் முப்பது வருடம் வேலை பார்த்த எனக்கு, ஓய்வுக்குப் பிறகு வந்த முதல் புகார்.

செல்வி காபி எஸ்டேட் தொழிலாளி. வீட்டுக்குப் பின்னால் நாற்பது முட்டைகோஸ் நட்டிருந்தார். அடுத்த மாதம் மகள் ரேவதிக்கு வளைகாப்பு. பந்தியில் பொரியல் இந்தக் கோசுதான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. மாசமான பெண் சாப்பிடுவது, அதனால் பூச்சிமருந்து கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். இந்தப் புகாருக்கு இரண்டு வாரம் முன்பு, பக்கத்து வீட்டுக் கோசில் ஓட்டை விழுந்ததைப் பார்த்துப் பயந்து என்னை முதலில் அழைத்தார்.

போனேன். மூங்கில் சிம்புகளை வளைத்து ஊன்றி, மேலே கொசுவலையை விரித்து, ஓரங்களை மண்ணில் புதைக்கச் சொன்னேன். அந்துப்பூச்சி உள்ளே நுழைந்து முட்டையிடாது. முறை சரிதான். ஆனால் வலை விரிக்கும் முன் ஒவ்வொரு இலையையும் திருப்பி, அடிப்புறத்தில் முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் நான் பலகையில் எழுதும் முதல் வரியே அதுதான். அன்று தூறல், தரையெல்லாம் சேறு, நான் போட்டிருந்தது புதுப் பேன்ட். குனியவில்லை.

முட்டைகள் ஏற்கெனவே இருந்தன. பொரிந்து வந்த புழுக்களுக்கு வீடு கட்டிக் கொடுத்ததோடு, அவற்றைக் கொத்தித் தின்னும் குருவிகளையும் வெளியே நிறுத்தியிருந்தேன்.

போன் வந்த அன்றே ஓடினேன். இலைகள் சல்லடையாகிக் கிடந்தன. செல்வி ஒரு இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரேவதிதான் சிரித்தாள்.

"உடும்மா, சார் புழுவுக்கும் சேத்து வளைகாப்பு வெச்சுட்டாருங்க."

வலையை எடுத்தோம். தினமும் எஸ்டேட் வேலைக்குக் கிளம்பும் முன் செல்வி இலை இலையாகத் திருப்பி, புழுக்களைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டார். சாயங்காலம் நான் போய் பி.டி. பொடியைக் கரைத்து இலைக்கு அடியில் தெளித்தேன்.

"இதும் மருந்துதானுங்களே?" என்றார் செல்வி.

"இல்லம்மா, இது ஒரு பாக்டீரியா. இதைத் தின்ன புழு தீனியை நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல செத்துரும். கழுவிச் சாப்பிட்டா நமக்கு ஒண்ணும் ஆகாது."

"இந்தவாட்டியாச்சும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி."

சாமி என்று இங்கே சின்னவர்களைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வயது அறுபது. வாங்கிக்கொண்டேன்.

பதினொரு செடிகள் போயின. மற்றவை வெளி இலைகளை இழந்தாலும் உருண்டு திரண்டன. வளைகாப்புப் பந்தியில் பொரியலைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன். வாளியுடன் செல்வி எதிரே நின்றார்.

"தேடாதீங்க சார். எல்லாம் நான் பாத்துட்டேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது.

தெரியாமல் செய்யும் தவறைப் பயிற்சி கொடுத்துத் திருத்தலாம். தெரிந்தே நாம் செய்யாமல் விடும் வேலையை, வேறு யாரோ விடியற்காலையில் எழுந்து செய்ய வேண்டியிருக்கிறது.