முதுகு காட்டி நின்றவன்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். நான் படித்தவன் இல்லை. கதை கட்டத் தெரியாது. நாற்பத்தொரு வருஷம் அச்சகத்தில் காகிதம் வெட்டியவன். கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் மருமகன் வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு மாசம் ஆகியிருந்தது. "ஊரை ஏமாத்துற பயல்" என்று ஒரு நாள் வாயை விட்டேன். சோற்றுத் தட்டிலிருந்து எழுந்து போனவன்தான். போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. காத்திருப்பதா, தலைமுழுகிவிடுவதா என்று மகளுக்குப் புரியவில்லை. தூக்கம் போய்விட்டது. குறி பார்க்கிற டாரட் படச்சீட்டு வாங்கப் போகிறேன் என்றாள். எவளாவது இவள் தலையில் மிளகாய் அரைத்துவிடுவாள் என்று நானும் கூடப் போனேன்.

கடைக்காரம்மா ஐந்து கட்டுகளைப் பரப்பினாள்.

"தியானத்துக்குன்னா, பாக்கப் பாக்க மனசு அடங்குற படமா எடுங்க. குறி கேக்கன்னா, கை தானா எதுமேல போகுதோ அத எடுங்க."

"உங்க கை தானா எங்க பைக்குள்ள வரும், அதானே?" என்றேன்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

நான் நகரவில்லை. தியானத்துக்கு மகள் ஒரு நீலக் கட்டு எடுத்தாள். குளம், மரம், நிலா என்று இருந்தது. குறிக்கு அவள் கை ஒரு சாம்பல் நிறப் பெட்டிமேல் போய் நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீல் உடையாத பெட்டி.

வீட்டில், மாலை 5.10. கலைத்தாள். கண்ணை மூடி, "அவர் வருவாரா?" என்று கேட்டு ஒன்றை உருவினாள்.

திறந்த கதவு. முதுகு காட்டி ஓர் ஆள். கையில் பச்சைப் பை.

மறுபடி கலைத்தாள். அதே சீட்டு. மூன்றாம் தடவையும்... அதே.

எனக்குப் பொறி தட்டியது. இது பழைய தில்லுமுல்லு. ஒரு சீட்டை மட்டும் மயிரிழை அளவு கூடுதல் அகலமாக வெட்டிவிட்டால் விரல் அதில்தான் போய் நிற்கும். வித்தை காட்டுகிற ஒருத்தனுக்கு நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். சீட்டுக்கட்டை மேசையில் தட்டி அடுக்கி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினேன்.

வழவழ என்று இருந்தது. எல்லாம் ஒரே அளவு.

படத்தை உற்றுப் பார்த்தேன். அந்த ஆளுக்கு ஒரு காது தெரிந்தது.

"முதல்லயே காது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லையேப்பா..."

5.40. உருவினாள். கன்னம் தெரிந்தது.

6.05. மூக்கு நுனி.

மகள் சிரித்தாள். பதினோரு மாசத்தில் முதல் சிரிப்பு. "திரும்புறார்ப்பா."

ஏதோ ஒன்று எங்கள் வீட்டுக்குள் வரப் பார்க்கிறது. தூக்கிப் போடு என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம், சாம்பல் பெட்டியோடு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு பழைய அச்சகத்துக்கு நடந்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். மெஷின்காரனைத் தள்ளி நிற்கச் சொன்னேன். சீட்டுக்கட்டை வெட்டு மெஷினின் கத்திக்கு அடியில் வைத்தேன். சுவர்க் கடிகாரத்தில் 11.35.

அழுத்தும் பலகை இறங்கியது. கிர்ர்ர்...

கட்டுக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி...

பொத்தானை அழுத்தினேன்.

டக்.

காகிதம் வெட்டுப்படும் சத்தம் எனக்குத் தெரியும். அது காகிதம் இல்லை.

மேலே கிடந்த சீட்டு இரண்டு துண்டு. அந்த ஆள் முழுசாகத் திரும்பியிருந்தான். என் மருமகன். சிரித்துக்கொண்டிருந்தான்.

மாலை நாலு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். மருமகன் ரயில் நிற்கிறதுக்குள் அவசரப்பட்டு இறங்கியிருக்கிறான். வீட்டுக்கு வருகிற அவசரம். சக்கரம்... அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. நான் மணி மட்டும் கேட்டேன்.

"பதினொண்ணு முப்பத்தஞ்சு."

பச்சைப் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே மகளுக்குச் சேலை. அதற்கடியில் ஒரு சட்டை. என் அளவு.

சாம்பல் பெட்டி எங்கேப்பா என்று மகள் இன்னும் தேடுகிறாள்.