ஆறு பக்கமும் பெயர் எழுதிய பெட்டி

எங்கள் தீவில் கப்பலில் ஏற்றும் அட்டைப் பெட்டிக்கு ஆறு பக்கமும் பெயர் எழுதுவோம். அடிப்பக்கத்திலும் எழுதுவோம். சரக்கறைக்குள் பெட்டி எப்படிப் புரளும், எந்தப் பக்கம் மேலே வரும் என்று யாருக்குத் தெரியும்? வெங்காய மூட்டையைக்கூட விடமாட்டோம். இந்த அக்கறையில் கால்வாசி நான் பாட்டுப் பதிவு செய்ய வாங்கிய மென்பொருளைச் செய்தவர்களுக்கு இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு ஆத்திரம் வராது.

என் அலுவலகத்தில் எதிர் மேஜையில் இருந்தவர் கட்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த அக்கா. கல்யாண வீடுகளில் நலங்குப் பாட்டுப் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குக் கழுத்தில் கட்டி. சென்னையில் அறுவை சிகிச்சை. குரல் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் மகளுக்கு அடுத்த தை மாதம் கல்யாணம்.

"தம்பி, எம் புள்ள நலங்குக்கு என் குரல் இருக்கணும். நீதான் ரெக்கார்டிங் எல்லாம் பண்ணுவியே, புடிச்சு வச்சிரு" என்றார்.

கப்பல் ஏறும் நாளன்று மதியம் மரைன் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். ஆறு பக்கமும் பெயர் எழுதிய பெட்டியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் புதிதாக வாங்கியிருந்த மென்பொருளில் திரையில் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொன்றிலும் ஒயர் சொருக வட்ட வட்டமாக ஜாக்குகள். மவுஸால் இழுத்து இணைக்க வேண்டும். ஜாக்குகளுக்குப் பெயர் கிடையாது, ஏ, பி என்று எழுத்து மட்டும். நான் அதுவரை தொட்ட எல்லாப் பெட்டியிலும் சத்தம் ஏ வழியாக உள்ளே போகும். நானும் அப்படியே அக்காவின் குரலைப் பதிவு செய்யும் பெட்டியின் ஏ-யில் சொருகினேன். பாடுகிறவர் தாளம் தப்பாமலிருக்க ஹெட்போனில் கேட்கும் டொக் டொக்கை பி-யில் சொருகினேன்.

அக்கா இரண்டு முறை பாடினார். ஹெட்போனில் குரல் கணீரென்று கேட்டது, திரையில் ஒலி அளவு காட்டும் முள் துள்ளியது.

"போதுமா தம்பி?"

"பஸ், போதும் அக்கா, ஏக்தம் சரி. கிளம்புங்க."

போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருக்கலாம்தான். கப்பலுக்கு நேரமாகிவிட்டது, முள்ளும் துள்ளியது, நம்பிவிட்டேன்.

அவரை ஹேடோ ஜெட்டியில் கப்பல் ஏற்றிவிட்டு வந்து பதிவைப் போட்டால் டொக், டொக், டொக். வேறொன்றும் இல்லை. பதிவு செய்யும் பெட்டியில் மட்டும் ஏ என்பது ஹெட்போனுக்குப் போகும் வழியாம். பி-யில் வருவது ஹெட்போனிலும் கேட்குமாம், ஆனால் பதிவாவது அது மட்டும்தானாம். ஒரே கம்பெனி, ஒரே திரை, ஒரே எழுத்து! 'பதிவு' என்று ஒரு வார்த்தை எழுத அங்கே இடமா இல்லை? மரத்தாலான பெட்டி போலத் தெரிய நிழல் வரைந்திருந்தான், மூலைக்கு மூலை ஸ்க்ரூ வரைந்திருந்தான். அந்த ஸ்க்ரூவை யார் கழற்றப் போகிறார்கள்?

அக்காவுக்கு போன் போட்டேன். கப்பல் போன் சிக்னல் எட்டாத தூரம் போய்விட்டிருந்தது. சென்னை இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரி.

கம்பெனிக்கு எழுதினேன். கையேட்டில் தெளிவாக இருக்கிறதே, இது பயன்படுத்துபவரின் பிழை என்று பதில் வந்தது.

அக்கா திரும்பி வந்தபோது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. நடந்ததைச் சொன்னேன். திரையைக் காட்டச் சொன்னார். ஏ, பி எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பேரே எழுதல. அப்புறம் நீ என்னப்பா செய்வ?" என்று கிசுகிசுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

தை மாதம் பாம்பூஃப்ளாட்டில் கல்யாணம். நலங்குக்கு வேறு பெண்கள் பாடினார்கள். அக்கா மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கை மட்டும் தட்டினார். என் கம்ப்யூட்டரில் இருப்பதும் அதுதான், பாட்டில்லாத தாளம்.