நிக்கல் காசும் ஒரு சாண் தூரமும்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் பாத்திரக் கடைக்கு வருகிற பெண்கள் சிலர் கைப்பையில் காந்தம் வைத்திருப்பார்கள். எவர்சில்வர் குடத்தின் மேல் அதை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் மட்டச் சரக்கு, ஒட்டாவிட்டால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. அது பாதிதான் உண்மை. ஆனால் மீதிப் பாதியை விளக்கிக்கொண்டு நின்றால் முதலாளி முறைப்பார். என்னிடமும் ஒரு காந்தம் இருந்தது. என் கணக்கு தலைகீழ். ஒட்டினால்தான் எனக்குச் சந்தோஷம்.

நான் சேர்த்தது சுத்த நிக்கல் காசுகள். எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. வெள்ளையாகத் தெரியும் காசுகளில் பெரும்பாலானவை செம்பு கலந்த நிக்கல். அவற்றைக் காந்தம் சீண்டாது. சுத்த நிக்கல் என்றால் டக்கென்று தாவி வந்து ஒட்டும். நம்முடைய பழைய எட்டணாவில்கூட ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. இரும்புக் காசும் ஒட்டித் தொலைக்கும், அதுதான் தொல்லை. ஆனால் அது கைக்கு லேசாக இருக்கும். எங்கள் பக்கத்து உப்புக் காற்றில் நாலு மழைக்காலம் போனால் ஓரத்தில் துரு எட்டிப் பார்த்துவிடும்.

கனடாவிலிருந்து வந்த ஒரு அம்மா இட்லிக் குண்டான் வாங்கிவிட்டு, பர்ஸைக் கவிழ்த்து, "இதெல்லாம் இங்க செல்லாது, நீங்களே வெச்சுக்கங்க" என்று கொடுத்ததில் ஆரம்பித்தது. மான் தலை போட்ட காசு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். என் மனைவிக்கு என்னைவிட அதிகமாகப் பிடித்துவிட்டது.

நான் எட்டாவதோடு நின்றவன். அவள் பத்து முடித்தவள். காந்தம் வைப்பது என் வேலை, எழுத்துக் கூட்டிப் படிப்பது அவள் வேலை. ஒரு பெண் முகம் போட்ட பழைய காசில் 'ஹெல்வெட்டிகா' என்று இருந்தது. "அந்தப் பொம்பள பேரு ஹெல்வெட்டிகா. நல்லா வாழ்ந்த குடும்பம், மூக்கப் பாரு" என்றாள். லஸ் முனையில் நடைபாதையில் பிளாஸ்டிக் விரித்துப் பழைய காசு விற்கும் ஒரு ஆள்தான் அது சுவிட்சர்லாந்து என்று சொன்னார். அதற்கப்புறமும் எங்கள் வீட்டில் அது ஹெல்வெட்டிகாம்மா காசுதான்.

அந்த நடைபாதை ஆளுக்கும் அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரம் நடக்கும்.

"அக்கா, உன் ஊட்டுக்காரர் காந்தத்த வெச்சே கடைய வழிச்சிக்கினு போறாரு."

"ஒட்டாதத எல்லாம் உனக்குத்தான விட்டுட்டுப் போறாரு. வெல சொல்லு."

நான் பக்கத்தில் நின்று, பஸ் போய்விடுமோ, மழை வருமோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று வந்துவிடும் என்ற பயம் உண்டு. அவள் அதைப் பொருட்படுத்தவே மாட்டாள்.

மந்தைவெளி மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கையில் பிடித்தபடியே ஒருநாள் சாய்ந்துவிட்டாள். இதயம் மெதுவாக அடிக்கிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் வரிசையாகச் சொன்னாள். கையைத் தூக்காதீங்க, போனை அந்தப் பக்கம் வைக்காதீங்க, காந்தம் கிட்ட வரவே கூடாது. காந்தம் என்றதும் மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அன்றைக்கே காந்தத்தைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன். பிறகு வேறொரு பயம் பிடித்தது. இத்தனை வருஷம் காந்தத்தோடு பழகிய காசு, அதற்குள்ளும் கொஞ்சம் காந்தம் ஏறியிருக்காதா? காசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேளச்சேரியில் இருக்கும் அவள் தம்பி வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

"இன்னாய்யா, காசு வந்து என் நெஞ்சப் புடுங்கிக்கினு போயிடுமா?"

"சும்மா இரு. உனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரியுமா? டாக்டரக் கேட்டியா?"

"கேட்டா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. சிரிப்புக்குமா பில்லு போடுவாங்க?"

நான் கேட்கவில்லை. படிக்காதவன் கேட்கிற கேள்வி என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். சாயங்காலத்தில் டிவி ஓடும். விளம்பரம் வரும்போதெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். அவள் கையை இழுத்துக்கொள்வாள். "இங்கதான் கீறேன். எங்கயும் போவல" என்பாள். அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் கிடந்த சாயங்காலங்கள் அவை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உயிரோடு உட்கார்ந்திருக்கிறாளே, அது போதும் என்று இருந்தேன்.

முதல் பரிசோதனைக்குப் போனோம். மெஷின் பார்க்கிற தம்பி வளையம் மாதிரி ஒன்றை எடுத்து அவள் நெஞ்சின் மேல் வைக்கப் போனார். என்ன சார் அது என்றேன். காந்தம் என்றார். அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இத வெச்சாத்தான் சார் பேட்டரி எப்படி இருக்குன்னு தெரியும். வெச்சா ஒரே சீரா அடிக்கும். எடுத்துட்டா பழையபடி. வீட்ல வேணாம்னு ஏன் சொல்றோம்னா, நீங்களா வெச்சு விளையாடக்கூடாதுன்னுதான். ஒரு சாண் தள்ளி இருந்தா போதும்."

"காசு?" என்று கேட்டாள் அவள்.

"என்ன காசும்மா?"

"நிக்கல் காசு. பெட்டி நெறைய."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். நெஞ்சு மேல கொட்டிக்காதீங்க, அவ்ளோதான்."

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னையே திட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வேளச்சேரிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். கடையிலிருந்து காந்தமும் திரும்பி வந்தது. அவள் ஜன்னலடியில், நான் வாசற்படி ஓரம். எவர்சில்வர் தட்டில் காசைப் போட்டு அவள் என் பக்கம் தள்ளுவாள். ஒட்டுவது, ஒட்டாதது என்று பிரித்து நான் திருப்பித் தள்ளுவேன். ஒரு சாண் என்றார்கள். நான் ஒரு அறை நீளத்துக்கு வைத்துக்கொண்டேன். "நீ இன்னா, தெருவுல போய் உக்காரப் போறியா?" என்பாள். மழைக்காலம் வரைக்கும் அப்படி ஓடியது.

மழையில் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கி நிமோனியா என்றார்கள். இதயத்துக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். நுரையீரலைப் பற்றி ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

கடைசியில் என்னை உள்ளே கூப்பிட்டு, உயிர் போய்விட்டது என்றார்கள். தலைமாட்டுத் திரையில் கோடு வந்துகொண்டே இருந்தது. குட்டிக் குட்டியாக, ஒரே இடைவெளியில்.

"அடிக்குதே சிஸ்டர்" என்றேன்.

"அது மெஷின் அடிக்கிறது சார்."

"மெஷின் அடிச்சா இதயமும் அடிக்கும்தானே?"

அந்தப் பெண் திரையை அணைத்தாள். நான் மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன் என்று வேளச்சேரி மச்சான் பிறகு சொன்னான். எனக்கு ஞாபகமில்லை.

எரிக்கும்போது பேட்டரி வெடிக்கும், அதனால் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். எடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிசு. "மாமா, இத இன்னா பண்றது?" என்றான் மச்சான். அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

ரொம்ப நாள் கழித்து, வேலைக்குப் போகிற வழியில் லஸ்ஸில் அந்த நடைபாதை ஆள் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, ஆளையே காணோம்? அக்கா எங்க?"

வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு. "தம்பி வூட்டுக்குப் போயிருக்கா. வேளச்சேரி."

"போயும் போயும் இப்பவா போச்சி? அதுக்குன்னே ஒண்ணு எட்த்து வெச்சிருந்தேன்" என்று சட்டைப்பையில் துழாவி ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தார். "காந்தம் ஒட்டுது, பாத்துட்டேன். எந்த ஊர்துன்னு எனக்கே தெர்ல. எழுத்து ஒரு மாதிரி கீது. அக்காகிட்ட குடு, படிக்கும்." காசுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை. "அக்கா வந்து பேரத்தப் பேசட்டும்" என்றார்.

கனமான காசு. ஒரு பக்கம் கதிர் மாதிரி ஏதோ இருக்கிறது, மறுபக்கம் எழுத்து. கடையில் கணக்கு எழுதுகிற பெண் போனில் படம் எடுத்து ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்கிறாள். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்.

இப்போதெல்லாம் லஸ்ஸுக்கு நடந்து போய் பஸ் பிடிப்பதில்லை. மந்தைவெளியிலேயே ஏறி அடையாறு சுற்றிப் போகிறேன். அரை மணி நேரம் கூடுதல், முதலாளி தினமும் கடிகாரத்தைப் பார்க்கிறார். நேர்வழியில் போனால் அந்த ஆள் கூப்பிடுவார். அக்கா படிச்சிச்சா, எந்த ஊரு காசுன்னு சொல்லிச்சி என்று கேட்பார்.