மணற்காட்டுச் சொந்தங்கள்

“இதெல்லாம் ஒரு வெயிலாய்யா? இத வெயிலுன்னு சொன்னா நெசமான வெயிலு கோவிச்சுக்கும்” என்றபடி நடனசபாபதி வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம், கத்திரி நாள். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. மற்ற டிரைவர்கள் மரத்தடியில் ஆளுக்கொரு பக்கமாய்ச் சுருண்டு கிடக்க, இவர் மட்டும் ஈரத்துண்டைக் காது மூடிக் கட்டிக்கொண்டு நடுவெயிலில் நிற்கிறார்.

“மாமாவுக்கு சவுதி ஞாபகம் வந்துட்டுது. இன்னிக்கி நமக்குத் தூக்கம் கெடயாது” என்று மரத்தடியிலிருந்து ஒரு குரல்.

“நீ படுடா. ஒனக்கு ஃபேன் நின்னா உசுரு போயிடும்.”

கடலூரிலிருந்து சிதம்பரம், பிச்சாவரம், வடலூர் என்று குடும்பம் குடும்பமாய் ஏற்றிப்போகிற வண்டி அவருடையது. வழியில் எங்காவது தெருக்குழாய் ஒழுகினால் போதும், கல்யாணக் கோஷ்டியே உள்ளே இருந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்க் குழாயை இறுக்கிவிட்டுத்தான் வருவார். “முகூர்த்தம் போவுதுய்யா!” என்று உள்ளே கத்துவார்கள். “தாலி கட்ட இன்னொரு முகூர்த்தம் வரும். சிந்துன தண்ணி வருமா?” என்று சாவகாசமாக ஏறி உட்காருவார்.

தண்ணீர் அருமை அவருக்குத் தெரிந்தது சவுதியில். கைக்குழந்தையைப் பெண்டாட்டி பட்டம்மாளிடம் விட்டுப் போனவர், தலை நரைத்துத்தான் ஊர் திரும்பினார். தபூக் என்கிற ஊருக்கு அப்பால், பாலைவனத்தில் ரோடு போடுகிற ஆட்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். மணலுக்கு நடுவே செக்கச்செவேலென்று பாறைகள். காற்று அறுத்து அறுத்து, ஒன்று இடுப்புச் சிறுத்துத் தலை பெருத்து நிற்கும், ஒன்று ஓட்டை விழுந்து அந்தப் பக்கத்து வானத்தைக் காட்டும். குருவி கூடக் கிடையாது. மனிதன் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுவான்? பாறைகளுக்கு முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அடி பெருத்து அசையாமல் உட்கார்ந்திருப்பது மலர்க்கொடி அத்தை. மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது பட்டம்மாளின் அண்ணன். ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டுகிற இரண்டும், பாகத் தகராறில் பேச்சை விட்ட சித்தப்பாமார்கள். “இன்னா அத்த, சாப்ட்டியா?” என்று ஹாரன் அடித்து விசாரித்துக்கொண்டே போவார். ஊரில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் ஒரு குட்டிப் பாறைக்குப் பேர் விழும். இப்படியே நம் சனம் முழுக்க அந்த மணற்காட்டில் குடியேறிவிட்டது.

ஒரு பாறைக்கு மட்டும் ஹாரன் கிடையாது. ரோட்டு வளைவுக்கு அப்பால், தலையில் முண்டாசு கட்டின ஆள்போலத் தனியாக நிற்கும். அவருடைய அப்பா சுப்பராயலு, நெல்லிக்குப்பம் ஆலை வாசலில் கரும்பு வண்டி வரிசையில் காத்து நிற்பதும் அச்சு அசல் அப்படித்தான். அங்கே வந்தால் லாரியை மெதுவாக்கி, “வர்றேம்ப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பாறையைப் பற்றிப் பட்டம்மாளிடம்கூட அவர் மூச்சு விட்டதில்லை.

சுப்பராயலு செத்த நாளில் இவருடைய பாஸ்போர்ட் முதலாளி கையில், முதலாளி எங்கோ வெளியூரில். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவன் செம்பியன் வைத்தான். சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? இன்றைக்கும் பந்தியில் இவர் உட்கார்ந்தால், “பெரியவன் இருந்தும் சின்னவன் வச்ச கொள்ளி” என்று காதில் விழுகிற மாதிரி யாராவது சொல்லிவைப்பார்கள். இவர் இலையைப் பார்த்தபடி சாப்பிடுவார். அப்பா செய்தி வந்ததிலிருந்து ஊர் திரும்பும்வரை, அந்த வளைவுப் பக்கம் லாரியை அவர் திருப்பவேயில்லை. எல்லாம் சுற்று வழிதான். “எந்த மூஞ்சிய வச்சிக்கினு அவரு முன்னால போயி நிக்கறது?”

கைக்குழந்தையாய் விட்டுப்போன மகன் அரவிந்தன் இப்போது அதே தபூக்கில் வேலையாய் இருக்கிறான். போன ஆனியில் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போனான். “குளுரு காலத்துல வாங்கப்பா, இப்ப வெளியில தல காட்ட முடியாது” என்றுதான் சொன்னான். “அடுத்த வருசம் யாரு இருப்பா, யாரு போவா” என்று சொல்லி இவர் கிளம்பிவிட்டார்.

உச்சி நேரம். காருக்குள் ஏசி போட்டும் கண்ணாடியைத் தொட முடியவில்லை. நடனசபாபதி ஒவ்வொரு பாறையாய்க் காட்டி உறவு சொல்லிக்கொண்டே வந்தார்.

“எங்க அண்ணனுக்கு இம்மாம் மூக்கா? ஒங்க அத்தைய மட்டும் லட்சணமா ஒக்கார வச்சிக்கிறீங்க!” பட்டம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

வளைவு வந்தது. “நேராப் போடா” என்றார். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். “திருப்பு” என்றார்.

அந்தப் பாறைக்கு மட்டும் அவர் உறவு சொல்லவில்லை. பட்டம்மாள்தான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்தாள். “இன்னாங்க, மாமா நிக்கறாரு.”

கதவைத் திறந்து இறங்கினாள். மாமனார் முன்னால் ஒருநாளும் செருப்புக் காலோடு நின்றவள் இல்லை அவள். கார் ஓரத்திலேயே இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தாள்.

“அம்மா! இன்னா பண்ற? அது கல்லும்மா!”

“கல்லுன்னா ஒங்க தாத்தா இல்லன்னு ஆயிடுமா? திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிச்ச காலுடா இது.”

தீக்குழியில் ஓடிக் கடந்துவிடலாம், இங்கே நிற்க வேண்டியிருந்தது. காலை மாற்றி மாற்றி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் குவித்தாள். கடைசிக் காலத்தில் அவருக்குக் கஞ்சி ஊட்டினவள் அவள்தான். “மாமா, வாசலையே பாத்துக்கினு கெடந்தீங்களே. ஒங்க பெரிய புள்ளைய இட்டாந்துக்கிறேன்.”

காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த நடனசபாபதி அப்போதுதான் இறங்கினார். கீழே கிடந்த செருப்பை எடுத்துப் போய், குனிந்து அவள் காலில் மாட்டிவிட்டார். அப்பா பார்க்க அவள் காலைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பாறையை நெருங்கிப் போனார். இத்தனை வருஷத்துக் காற்று முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொண்டுவந்து குவித்து, பாறையின் அடியை மூடிவிட்டிருந்தது. விழுந்து கும்பிடலாம் என்றால் தொடுவதற்குப் பாதம் இல்லை.

“அப்பா, கை வெந்துபூடும்! வாங்கப்பா!” என்று அரவிந்தன் ஓடிவந்தான்.

அவர் மண்டி போட்டு உட்கார்ந்து, கொதிக்கிற மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.