பொது ஃபோல்டரில் மூன்றாவது ஆள்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஹெட்போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைத் தட்டினால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் வந்து நிற்பாள். கடைக்குப் போனாலும் கழற்ற மறந்துவிடுவாள். வயது நாற்பத்தாறு, தனியாள், வாய் கொஞ்சம் நீளம். ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு எழுத்தில் அடித்துத் தருவது அவள் வேலை. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. எந்த டாக்டருக்குச் சளி, எவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறார், எவருக்கு அன்று வீட்டில் சண்டை என்பதையெல்லாம் முகம் பார்க்காமலே சொல்லிவிடுவாள். வேகமாகப் பேசுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். அவர்களுக்குக் கேட்கவா போகிறது?

இந்த வேலைக்குக் காலும் வேண்டும். மேசைக்கு அடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் கொஞ்சம் பின்னால் போகும். அவளுடைய மிதி பழசு, பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும். அவளுக்கு வேலை தரும் கம்பெனியிலிருந்து பதிவுகள் வந்து இறங்குவதோ புதுக் கம்ப்யூட்டரில். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று நாளைக்கு முப்பது தடவை பென் டிரைவைச் செருகிச் செருகி எடுத்தாள். ஒருநாள் அது காணாமல் போய், வாஷிங் மெஷினுக்குள் கிடைத்தபோது அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தக் குரல்கள் வேறு யார் காதிலும் விழக்கூடாது என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். விழுந்தால் வேலை போச்சு.

கம்ப்யூட்டர் கடையில் இருக்கும் தம்பி வந்தான். வீட்டு நெட்வொர்க்கிலேயே இரண்டையும் பேச வைக்கலாம் என்றான். ஒன்று விண்டோஸ், இன்னொன்று உயிரோடு இருக்கட்டும் என்று அவன் லினக்ஸ் போட்டு வைத்த கிழம். பழையதில் "பொது" என்று ஒரு ஃபோல்டரைத் திறந்தான். அதில் எதைப் போட்டாலும் இரண்டிலும் தெரியவேண்டும். சொல்ல எளிது. புதியது பாஸ்வேர்டு கேட்கும், சரியாகக் கொடுத்தால் பழையது மாட்டேன் என்னும். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, தம்பி பாஸ்வேர்டையே எடுத்துவிட்டான்.

"திறந்து போட்டிருக்கேன்க்கா. யார் வேணாலும் படிக்கலாம், எழுதலாம்."

"டேய், அதுக்குத்தானா உன்னை வரச் சொன்னேன்? யார் வேணாலும்னா?"

"இந்த வைஃபைக்குள்ள இருக்கிறவங்க மட்டும்தான். வீட்டுல நீ ஒருத்திதானே. நீயே வந்து உன்னையே திருடிக்கப் போறியா?"

அவளும் சிரித்துவிட்டாள். பென் டிரைவ் தொல்லை விட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். காலை மிதியில் வைத்து ஒரு டாக்டரை ஓடவிட்டு அடித்துக்கொண்டிருந்தாள். பொது ஃபோல்டரில் அவள் பதிவுகளுக்குக் கீழே "நியூ ஃபோல்டர்" என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. கை பட்டிருக்கும் என்று அழித்தாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடி வந்தது.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். அழிக்காமல் விட்டால் அது பேசாமல் கிடந்தது. அழித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே பெயரில் இன்னொன்று. ஐந்து மணிக்கு மேல் எதுவும் வரவில்லை.

தம்பிக்கு போன் போட்டாள். "உனக்குத் தூக்கம் பத்தலைக்கா" என்றான். செவ்வாயும் வந்தது, புதனும் வந்தது, எல்லா நாளும் மூன்றிலிருந்து ஐந்துக்குள். பட்டப்பகல், ஜன்னல் வழியே வெயில், வெளியே யாரோ வண்டி கழுவும் சத்தம். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தும் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. யாருமில்லாத அறையில் "யாருடா அது?" என்று கேட்டுப் பார்த்தாள். பதில் வந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த வியாழன் காலை மாடி வீட்டுப் பெண்ணைப் படியில் பார்த்தாள். அந்தப் பெண்ணின் அப்பா வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர். ஆறு மாதம் முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போனது, எழுத்து போனது, தலையாட்டச் சொன்னால் அதுகூட வரவில்லை.

"அடுத்த வாரம் அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்க்கறோம்க்கா" என்றாள் அந்தப் பெண். "நானும் வேலையை வச்சுக்கிட்டு எவ்வளவுதான் பார்க்கிறது? டாக்டரே சொல்லிட்டார், நாம பேசறது எதுவும் உள்ள போகலைன்னு."

ஹெட்போன் அக்கா அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். டாக்டர்கள் பதிவில் சொல்வது அவள் நினைவுக்கு வந்தது: "நோயாளிக்குப் புரிதல் இல்லை." இந்த வரியை எத்தனை நூறு தடவை அடித்திருப்பாள். விரல் தானாக அடித்துவிடும், மனசு அதில் நிற்பதே இல்லை.

அன்று மதியமும் நியூ ஃபோல்டர் வழக்கம்போல் வந்தது. அவள் ரோஷமாக அழிக்காமல் விட்டாள். அரை மணி கழித்துப் பார்த்தால், அன்றைய பதிவுகளில் ஒன்று இருந்த இடத்தில் இல்லை. தேடினாள். அந்தக் காலி ஃபோல்டருக்குள் கிடந்தது. யாரோ எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளியின் பெயர், வயது, வியாதி எல்லாம் அடங்கிய குரல் அது.

தம்பி இரவுச் சாப்பாட்டைக்கூட முடிக்காமல் ஓடிவந்தான். யார் வந்துபோனார்கள் என்று பழைய கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தவன் சிரிக்கவில்லை.

"மூணாவதா ஒரு மெஷின் வருதுக்கா. பேர் 'பிளான்'னு இருக்கு. உன்னோடது இல்ல."

"அப்ப யாரோடது?"

"தெரியல. மொதல்ல கதவைச் சாத்துவோம்." இந்தத் தடவை பிடிவாதமாக உட்கார்ந்து, இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே பாஸ்வேர்டுக்கு ஒத்துக்கொள்ள வைத்துவிட்டான். யார் எப்போது நுழையப் பார்த்தார்கள் என்று பதிவேட்டில் எப்படிப் பார்ப்பது என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி வந்தது, போனது. எதுவும் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. மடமடவென்று ஏழு பதிவுகளை முடித்தாள். சனிக்கிழமை மதியமும் எதுவும் வரவில்லை. நாலு மணிவாக்கில், சும்மா பார்ப்போமே என்று பதிவேட்டைத் திறந்தாள்.

நேற்று மூன்று மணி நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை, அனுமதி இல்லை. மூன்று நாலுக்கே இன்னொரு முறை, அனுமதி இல்லை. மூன்று ஐந்து, மூன்று ஆறு. இறக்கிக்கொண்டே போனாள், வரிகள் முடிகிற வழியாக இல்லை. ஐந்து மணி வரை இருநூறு தடவைக்கு மேல். ஒரு தடவைகூடப் பாஸ்வேர்டாக எதையும் போட்டுப் பார்க்கவில்லை. வெறுமனே தட்டியிருக்கிறது. இன்றைய பக்கத்துக்கு வந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியில் ஒரு வரி கூடியது. பிறகு இன்னொன்று. திருடுகிறவன் இப்படித் தட்டமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிற ஆள்தான் இப்படித் தட்டுவான்.

தம்பிக்கு போன் போட்டாள். "டேய், இந்த வைஃபை யாரோடதுன்னு தெரியுமா?"

"உன்னோடதுதானே?"

"நான் எங்கடா வாங்கினேன்? மாடி வீட்டோடது. நான் குடிவந்த அன்னிக்கே அந்த ஐயா சீட்டுல பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார்."

"அப்ப மேலதான்க்கா. இந்த லைன்ல வேற வீடே இல்லையே. மதியத்துல மேல யார் இருப்பா?"

"ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. அந்த ஐயாவும், அவரைப் பார்த்துக்கிற அம்மாவும்தான். அந்த அம்மா மூணு மணிக்கு டிவி முன்னாடி உட்கார்ந்தா எழுந்திருக்காது. ஐயாவுக்கு ஒண்ணும்…" அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. வரைபடம் போட்டவரின் கம்ப்யூட்டருக்கு "பிளான்" என்று பெயர் இல்லாமல் வேறென்ன இருக்கும்.

மாடியில் கதவு திறந்தே இருந்தது. சனிக்கிழமை லீவில் இருந்த அந்தப் பெண் அப்பாவின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில், சுருட்டி வைத்த வரைபடங்களுக்கு நடுவே, அவர் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. அவர் இடது கைப் பழக்கக்காரர். அந்தக் கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் பாஸ்வேர்டு கேட்கும் சின்னப் பெட்டி. விரல் அழுத்தியது. பெட்டி மறைந்து மறுபடி வந்தது. விரல் மறுபடி அழுத்தியது.

"இப்படித்தான்க்கா, கை அது பாட்டுக்கு அமுக்கிட்டே இருக்கும். பழக்கம். அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னார். அமைதியா இருக்காரேன்னு தினமும் மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இதுக்கு முன்னாடி உட்கார வைக்கிறோம்."

ஹெட்போன் அக்கா திரையையே பார்த்தாள். மூன்று நாள் அவள் எரிச்சலில் அழித்தாளே, அது இந்த அறையில் எப்படித் தெரிந்திருக்கும்? ஆறு மாதத்தில் முதல்தடவையாக, இவர் செய்த ஒன்றுக்கு மறுபக்கத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. யாரோ இருக்கிறார்கள், கேட்டது என்கிறார்கள். அதனால்தான் மறுபடி போட்டார். அவள் அழிக்காமல் விட்ட அன்று பயந்துபோய், அவள் பொருளையே எடுத்து உள்ளே வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு அவள் கதவைப் பூட்டினாள்.

"ஐயா, கீழ் வீட்டு ஃபோல்டரைப் போட்டது நீங்களா?"

விரல் நின்றது. முகத்தில் எதுவும் மாறவில்லை.

"என்னக்கா கேட்கறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

ஹெட்போன் அக்கா சொன்னாள். பெண் நம்பவில்லை. ஆசை காட்டாதீங்க என்று கோபப்பட்டாள். "போனைக் காதுல வச்சுக்கிட்டு இந்தத் திரையைப் பாரும்மா. வேற எதுவும் நீ செய்ய வேண்டாம்" என்றுவிட்டு அக்கா கீழே இறங்கினாள். எதிலாவது ஒரு தடவை அவசரப்படக் கூடாது என்றிருந்தால் அது இதுதான் என்று தன்னையே அதட்டிக்கொண்டு, தம்பி எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துப் பார்த்துப் பாஸ்வேர்டை எடுத்தாள். தன் பதிவுகளை வேறிடத்துக்கு மாற்றினாள். பொது ஃபோல்டர் காலியாக இருந்தது.

"திறந்துட்டேன். ஐயாகிட்ட சொல்லு."

காத்திருந்தாள். நிமிஷம் ஒன்று, இரண்டு. நியூ ஃபோல்டர் வந்தது.

"இப்ப நான் அழிக்கிறேன்" என்றாள் போனில். அழித்தாள். மறுபடி வந்தது.

"இன்னொரு தடவைக்கா." பெண்ணின் குரல் மாறியிருந்தது. அழித்தாள், வந்தது. "இப்ப மூணு போடச் சொல்லிப் பாரு" என்றாள் அக்கா. மேலே அந்தப் பெண் மெல்லச் சொல்வது போனில் கேட்டது. ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்றாவதற்கு நேரமாயிற்று, ஆனால் வந்தது. அதோடு நின்றது.

ஹெட்போன் அக்கா வாய்விட்டு அழுதாள். மேலேயும் அழுவார்கள் என்று நினைத்தாள். போனில் சத்தமே இல்லை.

"என்னம்மா?"

"ஆறு மாசமா எல்லாத்தையும் இவர் முன்னாடிதான்க்கா பேசினேன்." அந்தப் பெண் மூச்சு வாங்கினாள். "நேத்து என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அப்பா எப்பவோ போயிட்டார், இது வெறும் உடம்பு, சீக்கிரம் போய்ச் சேர்ந்தா நல்லதுன்னு. இந்த நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுதான் சொன்னேன்."

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மேலே அந்தப் பெண் போனை மறந்துவிட்டுக் கேட்பது காதில் விழுந்தது. "அப்பா, அது உங்களுக்குக் கேட்டுச்சா?"

திரையில் மூன்று ஃபோல்டர்களும் அப்படியே இருந்தன. பிறகு ஒன்று அழிந்தது. இரண்டாவது அழிந்தது. மூன்றாவதும் அழிந்தது.

"அக்கா, நீங்களா அழிச்சீங்க?"

"இல்லம்மா" என்றாள் ஹெட்போன் அக்கா. "நான் கையே வைக்கல."