நாலு வாரம் பொறுக்காத தோள்

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் மந்தைத் திடலில் வைத்து எனக்குத் துண்டு போட்டார்கள். வலது தோளில். அந்தத் தோள்தான் கழன்றது என்பது போட்டவருக்கு ஞாபகம் இல்லை. போட்டுவிட்டு, மேலே ரெண்டு தட்டு வேறு தட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"ஊருக்காகக் கையக் குடுத்த பிள்ள இவன்" என்று மைக்கில் சொன்னார் கண்மாய்ச் சங்கத் தலைவர்.

என்னிடமும் மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். கூச்சப்படுகிறான் என்று சிரித்தார்கள். கூச்சமா? பேசியிருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு — நான் கடலில் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறவன். சர்ஃபிங். அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் பிழைப்பு. வறண்ட நரிக்குடிப் பக்கத்து ஆளுக்கு இந்த வேலை எப்படி? கட்டட வேலைக்குப் போனேன். சென்னைக்குத் தெற்கே கடலோரம் ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். கலவை சுமந்தேன். வேலை முடிந்ததும் கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றது. அலையை மட்டும் ஒழுங்காகப் படித்தேன்.

ஐப்பசியில் அடிபட்டது. கடல் கெட்டுக் கிடந்த ஒரு காலை. போயிருக்கக் கூடாது. போனேன். அலை என்னைப் புரட்டியபோது பலகையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அலை பலகையை ஒரு பக்கம் இழுத்தது, நான் ஒரு பக்கம் இழுத்தேன். நடுவில் இருந்தது தோள். கழன்று வந்துவிட்டது.

ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? ஊருக்கு வந்தேன்.

அருப்புக்கோட்டையில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா. வயதில் எனக்குச் சின்னவர். கண்டிப்பானவர். "பதினாறு வாரம். அது வரைக்கும் தண்ணிப் பக்கமே போகக் கூடாது. நீச்சல் கூடாது, இழுக்கக் கூடாது, தூக்கக் கூடாது. சரியா?" என்றார்.

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். விரலால் சுவரில் ஏறினேன், இறங்கினேன். பல்லி மாதிரி. முதல் மாதம் காலையில் எழுந்ததும் போனில் அலை எவ்வளவு உயரம் என்று பார்ப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் வீடியோ போடுவார்கள். பார்ப்பேன். ஒரு நாள் அதில் ஒருவன் என் இடத்தில், என் அலையில், எனக்குப் பழக்கமான அந்த வளைவில் திரும்பினான். நன்றாகவே திரும்பினான். அதோடு பார்ப்பதை நிறுத்தினேன்.

ஆறுதல் சொல்ல ஆள் உண்டா? பஸ்ஸில் ஒரு பெரியம்மா கேட்டது இது.

"கையில என்னப்பா கட்டு? வண்டியில விழுந்தியா?"

"இல்ல பெரியம்மா. கடல்ல விழுந்தேன்."

"கடல்ல விழுந்தா முங்கித்தான் போவாக. கையி எப்படிக் கழலும்?"

விளக்கினேன். பலகை, அலை, நிற்பது. திருச்சுழி ஸ்டாப் வரும் வரை பொறுமையாகக் கேட்டார்.

"கப்ப விட்டுருக்கான், போட்டு விட்டுருக்கான்... நீ எதுக்கு ராசா பலகையில போன?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார். அந்தப் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, உள்ளே கசந்தது. குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற ஊரில், "எனக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியவில்லை" என்று யாரிடம் போய்ச் சொல்வது? காலை வைத்தால் புழுதி. பார்க்கிற திசையெல்லாம் வேலிக்கருவேல். இங்கே எல்லாருக்குமே தண்ணீர் இல்லை. என் துக்கம் மட்டும் என்ன உசத்தி?

ஆனால் பாருங்கள்... இந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. எங்கள் கண்மாய் நிறைந்தது. நாலைந்து வருடமாக ஆடு மேய்ந்த கண்மாய். ஊரே கரைக்குப் போய் நின்று பார்த்தது. நான் போகவில்லை. ரேஷன் கடைக்குக் கரை வழியாகப் போனால் பக்கம். நான் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனேன். குடியை விட்டவன் கடைத் தெருவைச் சுற்றிப் போவானே, அப்படி.

என் அப்பா இந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. மடையைத் திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்து விடுவது, அடைப்பது — அது எங்கள் குடும்பத்து வேலை. அறுவடையில் நெல் தருவார்கள். அந்தத் தண்ணீர் பாய்கிற வயலில் எங்களுக்கு ஒரு செண்டு கிடையாது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

தை பிறந்தது. அது வரை பயிருக்கு மழையே போதுமாக இருந்தது. கதிர் வெளிவருமுன் நெல் பொதி கட்டுகிற, தண்ணீர் தவறக் கூடாத சமயம். மடை ஷட்டரை ஏற்றினார் அப்பா. தண்ணீர் வரவில்லை. வாய்க்காலில் ஒரு கசிவு, அவ்வளவுதான். ஏன்?

போன முறை தண்ணீர் கொஞ்சமாகக் கிடந்தபோது ஷட்டர் ஒழுகியது. அதை நிறுத்த, மடையின் உள்வாயில் கரம்பை மண் சாக்குகளைத் திணித்திருந்தார்கள். தண்ணீர் வற்றியதும் எடுத்திருக்கலாம். கண்மாய் காய்ந்து கிடந்த இத்தனை வருடத்தில், நடந்து போய், குனிந்து, எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. மறதியா? இல்லை. கண்மாய் இனி நிறையும் என்று எவருக்குமே நம்பிக்கை இல்லை. வராத தண்ணீருக்கு யார் வழி செய்து வைப்பார்கள்?

இப்போது அந்தச் சாக்குகளுக்கு மேல் ரெண்டு ஆள் ஆழத் தண்ணீர்.

யாராவது முங்கி எடுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். ஏற்றிய ஷட்டர் இறங்க மறுத்துவிட்டது. ஷட்டர் திறந்திருக்கும்போது சாக்கை உருவினால் தண்ணீர் மொத்தமாக இழுக்கும். கை உள்ளே இருந்தால் கையையும் சேர்த்து.

அன்றைக்குக் காலை எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. கரைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எழுதுவது சுலபம்.

கரையில் இருபது முப்பது பேர். அப்பா இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இளைப்பு உண்டு. சங்கத் தலைவர்தான் தடுத்தார். "வேண்டாம்ப்பா, உனக்கு மூச்சு நிக்காது. நாளைக்கு விடியக் காலைல பக்கத்து ஊருல இருந்து முங்குற ஆளு வாராரு. போன் போட்டுச் சொல்லியாச்சு. ஒரு நாள்ல பயிரு ஒண்ணும் செத்துராது."

அப்பா கயிற்றை அவிழ்த்தார். விஷயம் முடிந்துவிட்டது. கவனியுங்கள் — அங்கேயே முடிந்துவிட்டது. எல்லாரும் நாளை என்று ஒப்புக்கொண்டார்கள்.

அப்போதுதான் சோணை என்னைப் பார்த்தான். என்னோடு பள்ளிக்கூடம் போனவன். வாய் சும்மா இருக்காது.

"ஏலே, கடல்காரன் வந்துட்டான்டா! ஏலே, தண்ணிக்கு மேல நிக்கத்தான் தெரியுமா? உள்ள போகத் தெரியாதா?"

"அவன் கையி ஆறலடா. சும்மா கெட" என்றார் அப்பா.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் சித்தப்பா. கோவிச்சுக்கிறாதீக" என்றான் சோணை. உண்மையிலேயே விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவன் மேல் பழி இல்லை.

நான் சட்டையைக் கழற்றினேன்.

"என்னடா பண்ற?" என்றார் அப்பா.

"கயித்தக் குடுங்க."

"டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"நாலு வாரந்தான் பாக்கி. இடது கையால எடுத்துருவேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கயிற்றை என் இடுப்பில் கட்டினார். "ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கியான்னு அர்த்தம். ரெண்டு இழுப்புன்னா ஏறி வா. என்ன இருந்தாலும் ஏறி வந்துரணும்" என்றார்.

இறங்கினேன். பழுப்புத் தண்ணீர். உப்பு இல்லை. சேறும் மட்கிய புல்லும் கலந்த வாடை. நெஞ்சு நனைந்தது, கழுத்து நனைந்தது, முங்கினேன்.

அந்த நேரத்தை எழுதாமல் விட்டால் நான் எழுதுவது எல்லாம் பொய். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு என் காதுக்குள் சத்தம் நின்றது. மேலே இருந்த பேச்சு, பஸ்ஸு, சிரிப்பு எல்லாம் நின்றது. உடம்பில் எடை இல்லை. கண்ணைத் திறந்தால் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. தடவிக்கொண்டே போனேன். சாக்கு கையில் பட்டது. இடது கையால் பிடித்து, காலை மடைக் கல்லில் ஊன்றி உருவினேன். வந்தது. தண்ணீர் என்னை உரசிக்கொண்டு மடைக்குள் ஓட ஆரம்பித்தது.

அது போதும். ஒரு சாக்கு போதும். மீதியைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போயிருக்கும்.

கயிற்றில் இழுப்பு வந்தது. ஒன்று... இரண்டு.

தெளிவாகத் தெரிந்தது. மூச்சும் இன்னும் இருந்தது. நான் ஏறவில்லை. அந்த ஓட்டம் முகத்தில் அடித்தது. அலை இழுக்கிற மாதிரியே இழுத்தது. அதை விட்டு எப்படி ஏறுவது? அங்கே இருக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இன்னொரு சாக்கைத் தேடினேன். இடது கை கல்லைப் பிடித்திருந்தது. வலது கையை நீட்டினேன்.

சாக்கு சட்டென்று உள்ளே போனது. கூடவே கையும்.

சத்தம் தண்ணீருக்குள் நன்றாகக் கேட்கும். ஐப்பசியில் கேட்ட அதே சத்தம், தோள் கழல்கிற சத்தம்.

அப்பாவும் நாலு பேரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து போனது. சனம் அதோடு கூடவே கத்திக்கொண்டு ஓடியது. கரையில் நானும் அப்பாவும் மட்டும். சோணையும் திரும்பி வந்தான். "ஏலே, நான் வெளையாட்டுக்குத்தானடா சொன்னேன்..." என்று அழுதான். பைக்கில் உட்காரவைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனவனும் அவன்தான்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். மதுரைக்குப் போகச் சொன்னார். அங்கே சொன்னார்கள் — இந்த முறை உள்ளே கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும்.

"பெறகு கடலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

"மொதல்ல தலை வாரப் பழகுங்க" என்றார் அந்த டாக்டர்.

கடற்கரைக்குப் போன் போட்டேன். முதலாளி நல்ல மனிதர். "உடம்பப் பாரு. கோடை லீவுக்கு வேற ஆளச் சொல்லியிருக்கேன். நீ சரியாகி வா... பாப்போம்" என்றார். 'பாப்போம்' என்ற சொல்லுக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். நானும் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். அப்பனுக்காக முங்கினான். பயிருக்காக முங்கினான். நாங்கள் வயல் இல்லாதவர்கள் என்பதால் அதில் இன்னும் கொஞ்சம் பெருமை சேர்ந்துகொள்கிறது. நானும் மறுப்பதில்லை. தனக்கு என்று செய்து கெட்டவனை ஊர் பார்க்கவா வரும்? ஊருக்கு என்று சொன்னால் ஆரஞ்சாவது வாங்கி வருகிறார்கள்.

நேற்றுச் சாயங்காலம் அப்பா வயலில் இருந்து வந்தார். கால் கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இத்தனை நாளும் என் கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ரெண்டு இழுப்பு இழுத்தேன்ல?"

"ஆமா."

"தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"மொத சாக்கு வந்ததுமே தண்ணி போயிருச்சு. பெறகு எதுக்குடா கீழயே கெடந்த? சிக்கிக்கிட்டியா?"

சிக்கிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவரே எடுத்துக் கொடுத்த பதில். சொல்லப்போனேன். வந்தது வேறு.

"இல்லப்பா. ஏறி வர மனசு இல்ல."

கயிறு பிடித்த தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "சிக்குனவன் கயித்த இழுப்பான். நீ இழுக்கல."

எழுந்து உள்ளே போனார். ரெண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தார். என் தட்டில் இருந்ததை அவரே பிசைந்து வைத்தார், இடது கையால் அள்ளத் தோதாக.

திட்டு வரும் என்று காத்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கும் வரை வரவில்லை... திட்டாமல் விட்ட அந்த வலிக்கு மருந்து மதுரையிலும் இல்லை.